குமிழுக்குப் பெயர் வேண்டும்: திரைவாசிப்பானும் மெய்நிகர் இசைக்கருவிகளும்

மெய்நிகர் இசைக்கருவி என்பது கணினிக்குள் இயங்கும் ஒரு மென்பொருள். அதற்கு மரமும் தோலும் தந்தியும் கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற செய்தி கிடைத்த கணத்திலேயே அதற்குரிய ஒலியை அது உண்டாக்கித் தரும். பியானோவையோ செலோவையோ விலை கொடுத்து வாங்க இயலாத ஒருவர் சாதாரண மடிக்கணினியில் அவற்றின் ஒலியைக் கொண்டு இசையமைக்க முடிவது இதனால்தான். பார்வையற்ற இசைக்கலைஞர்களும் இந்தக் கருவிகளைத் தொழில்முறையில் பயன்படுத்தி வருகிறார்கள். ஆயினும் புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் முதல் நாளிலேயே ஒரு தடை எதிர்ப்படும்: கருவியின் சாளரத்தைத் திறந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதன் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாய்மூடிக்கொள்ளும். அது ஏன் நிகழ்கிறது, அப்போது எந்த வழியாகக் கருவியை அணுகலாம் என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கருவியின் உள்ளே நடப்பதைச் சற்றுப் புரிந்துகொள்வது நல்லது. மெய்நிகர் இசைக்கருவிகளில் பெரிய பிரிவுகள் இரண்டு. ஒன்று, உண்மையான கருவியை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது அந்தப் பதிவை ஒலிக்கச் செய்வது. இதை சாம்ப்ளர் என்பார்கள். மற்றொன்று, பதிவு எதையும் நம்பாமல் கணக்கீட்டின் மூலமே ஒலியலையை உருவாக்குவது, இது சிந்தசைசர். முன்னது வன்தட்டில் பல ஜிகாபைட் இடத்தைக் கேட்கும். பின்னது சில மெகாபைட்டில் அடங்கிவிடலாம். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இவ்விரு வகைக் கருவிகளுக்கும் செய்தி சென்று சேரும் மொழி ஒன்றுதான்: மிடி. சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்தத் தரமுறை 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டப்பட்டது. மிடியில் ஒலி என்பதே இல்லை. ஆசிரியர் நோட்டில் எழுதிக் கொடுக்கும் சுரக்குறிப்பைப் போல, எந்தச் சுரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. சுரங்கள் 0 முதல் 127 வரை எண்ணிடப்பட்டுள்ளன. பியானோவின் நடு ஸி 60. எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்பட்டது என்பதும் 127 வரையிலான ஓர் எண்ணே. திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு இந்தத் தரமுறை இயல்பாகவே சாதகமானது, ஏனெனில் எண்ணாகவும் பெயராகவும் இருக்கும் எதையும் குரலாக்க முடியும். ஒலியலையின் படத்தை அவ்வாறு குரலாக்க முடியாது.

கருவி பெரும்பாலும் தனியாக இயங்குவதில்லை. இசைப்பதிவு மென்பொருள் ஒன்றுக்குள் ப்ளக்-இன்னாகச் செருகப்பட்டு, அதனிடமிருந்து மிடி செய்திகளைப் பெற்று, அதனிடமே ஒலியைத் திருப்பித் தருகிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் வெளியிட்ட விஎஸ்டி என்னும் தரமுறை 1999இல் இசைக்கருவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. விண்டோஸில் இன்று பெரும்பாலான கருவிகள் அந்த வடிவத்தில்தான் வருகின்றன. மேக் கணினியில் ஆப்பிளின் ஆடியோ யூனிட் வடிவமும் உண்டு. இந்தத் தரமுறைகளில் நமக்கு மிகவும் வேண்டிய ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு ப்ளக்-இன்னும் தன்னுள் மாற்றத்தக்கவை எவை என்பதை, அதாவது தன் அளவுருக்களை, பெயரோடும் தற்போதைய மதிப்போடும் பதிவு மென்பொருளுக்கு அறிவிக்க முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கான வாசல் இதுதான்.

இனி அந்த மௌனத்தின் காரணத்துக்கு வருவோம். திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. ஒரு சாளரத்தில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வகை என்ன, பெயர் என்ன, மதிப்பு என்ன என்று இயங்குதளம் வைத்திருக்கும் பட்டியலைத்தான் அது படிக்கிறது. பொத்தான், தேர்வுப்பெட்டி, பட்டியல் போன்ற இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளைக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருளில் இந்தப் பட்டியல் தானாகவே நிரம்பிவிடும். இசைக்கருவி செய்பவர்களோ பழைய சிந்தசைசரின் முகப்பை அப்படியே திரையில் வரைய விரும்புகிறார்கள். மரச்சட்டம், உலோகக் குமிழ், சிவப்பு விளக்கு எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குமிழ் இயங்குதளத்துக்குத் தெரிந்த உறுப்பு அன்று, வெறும் படம். அதற்கு ஒரு பெயரை நிரலாளர் தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால், திரைவாசிப்பானைப் பொறுத்தவரை அந்தச் சாளரம் காலியாக இருக்கிறது. திரைவாசிப்பானைக் குறை கூறிப் பயனில்லை. வேறொன்றுக்கு மாறினாலும் பெரும்பாலும் அதே மௌனமே எஞ்சும்.

ஆனால் முகப்பில் உள்ள படம் கருவி அன்று. சுரத்தை ஏற்கும் பகுதி, ஒலியை உண்டாக்கும் பகுதி, அளவுருக்களின் தொகுப்பு ஆகிய மூன்றும் முகப்பின் பின்னால் தனியே இயங்குகின்றன. சாளரத்தைத் திறக்காமலேயே கருவியை வாசிக்கலாம், பதிவு செய்யலாம், அதன் நாதத்தை மாற்றலாம். பார்வையுள்ளவர் முகப்பின் வழியாக உள்ளே செல்கிறார். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் பதிவு மென்பொருளின் வழியாகச் செல்ல வேண்டும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தப் பதிவு மென்பொருளில் வேலை செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்வதே சரியான வரிசை.

விண்டோஸில் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ரீப்பர். இதை உருவாக்கியவர் வினாம்ப் என்னும் பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல். 60 நாள்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபருக்கான உரிமத்தின் விலை 60 டாலர். ஆனால் ரீப்பரின் முதன்மைச் சாளரமும் வரையப்பட்ட ஒன்றே என்பதால், அது மட்டும் இருந்தால் போதாது. ஒசாரா என்னும் இலவசத் துணைநிரல் அந்தக் குறையை நிரப்புகிறது. அதைத் தொடங்கியவர் ஜேம்ஸ் டே. மைக்கேல் கரனுடன் சேர்ந்து ஆஸ்திரேலியாவிலிருந்து என்விடிஏ திரைவாசிப்பானை உருவாக்கியவர் இவரே. எந்த டிராக்கில் (ஒவ்வொரு கருவியும் தனியே பதிவாகும் தடத்தில்) நிற்கிறோம், ஒலியளவு எவ்வளவு, பதிவுக்குத் தயாராக உள்ளதா, இசை எத்தனையாவது தாளச் சுற்றில் நிற்கிறது என்பவற்றையெல்லாம் ஒசாரா திரைவாசிப்பானிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். நிறுவும்போது தன் விசைத்தொகுப்பை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும்; ஆம் என்று சொல்லிவிடுங்கள். அதன் பின் எஃப்12 விசையை ஒருமுறை அழுத்தினால், எந்த விசை என்ன செய்யும் என்பதை அந்தச் செயலைச் செய்யாமலேயே அறிவிக்கும் உதவிநிலை இயங்கும். கையேட்டைத் தேடுவதற்கு முன் அரை மணி நேரம் இந்த நிலையில் விசைப்பலகையைத் தடவிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

மேக் கணினி வைத்திருப்பவர் ஆப்பிளின் கராஜ்பேண்டில் தொடங்கி லாஜிக் ப்ரோவுக்குச் செல்லலாம். இரண்டும் மேக்கில் ஏற்கனவே உள்ள வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானுடன் இயங்குகின்றன. ஏபிள்டன் லைவ் மென்பொருளும் 2024இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து திரைவாசிப்பானுக்கு வழிவிட்டிருக்கிறது. எனினும் கீழே வரும் செய்முறை ரீப்பரையும் என்விடிஏவையும் வைத்தே சொல்லப்படுகிறது.

முதல் பயிற்சிக்கு எதையும் பதிவிறக்க வேண்டாம். ரீசிந்த் என்னும் எளிய சிந்தசைசர் ரீப்பருடனேயே வருகிறது. அதன் நாதம் அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கற்பதற்கு அது போதும். மெனுவில் டிராக் பகுதிக்குச் சென்று, புதிய டிராக்கில் மெய்நிகர் கருவியைச் சேர்க்கும் கட்டளையைத் தெரிவு செய்யுங்கள். ப்ளக்-இன்களின் பட்டியல் திறக்கும். அதிலுள்ள தேடல் பெட்டியில் ரீசிந்த் என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, பட்டியலில் விஎஸ்டிஐ என்று தொடங்கும் பதிவைத் தெரிவு செய்து எண்டர் விசையை அழுத்துங்கள். அந்த இறுதி 'ஐ' அது ஓசைமாற்றி அன்று, இசைக்கருவி என்பதைக் குறிக்கிறது. யுஎஸ்பி வழியாக இணைக்கும் மிடி கீபோர்டு கையில் இருந்தால், ரீப்பரின் அமைப்புகளில் மிடி உள்ளீடுகள் பக்கத்தில் அதை இயங்கச் செய்துவிட்டு வாசிக்கத் தொடங்கலாம். இல்லாதவர் ஆல்ட்+பி (B) அழுத்தினால் கணினி விசைப்பலகையின் எழுத்துகளே சுரங்களாக மாறும் சாளரம் ஒன்று திறக்கும். கன்ட்ரோல்+ஆர் பதிவைத் தொடங்கும். இடைவெளி விசை நிறுத்தும்.

இப்போது பி (P) விசையை அழுத்துங்கள். அந்த டிராக்கில் உள்ள கருவியின் அளவுருக்கள் ஒரு சாதாரணப் பெட்டியில் பட்டியலாக வந்து நிற்கும். ஓர் இடத்தில் அளவுருவின் பெயர், அடுத்த இடத்தில் அதன் மதிப்பை நகர்த்தும் சறுக்கி. பட்டியல் நீளமாக இருந்தால் வடிகட்டித் தேடவும் இடமுண்டு. முகப்பில் படமாக இருந்த குமிழ்கள்தாம் இவை, பெயரோடும் எண்ணோடும். அட்டாக் என்ற அளவுருவைக் கூட்டினால் சுரம் மெல்ல எழும். ரிலீஸைக் கூட்டினால் விசையை விட்ட பிறகும் ஒலி நீளும். ஒவ்வொன்றையும் மாற்றி வாசித்துக் கேட்டால் சிந்தசைசரின் அடிப்படை ஒரே மாலையில் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

எல்லாக் கருவிகளும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில கருவிகள் அளவுருக்களுக்குப் பெயர் வைக்காமல் வரிசை எண்ணை மட்டும் கொடுத்துவிடும். சில, ஹெர்ட்ஸில் சொல்ல வேண்டியதை 0 முதல் 1 வரையிலான பின்னமாகச் சொல்லும், 0.37 என்றால் என்ன என்பதைக் காதால் மட்டுமே அறிய முடியும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ப்ரீசெட்டுகளில் வரும். தயாரிப்பாளர் அமைத்துக் கொடுத்திருக்கும் நூற்றுக்கணக்கான நாதங்களைத் தேடி எடுக்கும் பகுதி பல கருவிகளில் முகப்புக்குள்ளேயே வரையப்பட்டிருக்கும். அது அளவுரு அன்று என்பதால் பட்டியலிலும் வராது. இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. பார்வையுள்ள ஒருவரின் உதவியோடு ஒருமுறை அமர்ந்து, விருப்பமான நாதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ரீப்பரின் சொந்த ப்ரீசெட்டாகப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், அதன் பின் யாருடைய உதவியும் இல்லாமல் அந்தப் பெயர்களைக் கொண்டே அவற்றை அழைக்கலாம். என்விடிஏ+ஆர் (என்விடிஏ விசை என்பது வழக்கமாக இன்சர்ட் விசை) அழுத்தினால் திரையில் உள்ள எழுத்துகளைப் படத்திலிருந்து பிரித்துப் படிக்கும் வசதியும் இருக்கிறது. உரிம எண்ணைக் கேட்கும் பெட்டி போன்ற ஒருமுறை வேலைகளுக்கு அது உதவும். அன்றாட இசைப்பணியை அதன் மேல் கட்டுவது வீண் அலைச்சல்.

ஆகவே கருவியைத் தெரிவு செய்யும்போது நாதத்தோடு இதையும் பார்க்க வேண்டும். சர்ஜ் எக்ஸ்டி என்னும் சிந்தசைசர் இலவசமானது, திறமூலமானது. 2022இல் வெளிவந்த 1.1 பதிப்பிலிருந்து அதன் முகப்பையே திரைவாசிப்பானால் படிக்க முடிகிறது, ஏராளமான ப்ரீசெட்டுகளும் அதனுடன் வருகின்றன. ரீசிந்த்துக்கு அடுத்து வைத்துக்கொள்ளத்தக்கது இது என்பேன். சர்ஜ் இப்படி மாறியதற்குப் பின்னால் ஜூஸ் என்னும் நிரலகத்துக்குப் பங்கு உண்டு. ப்ளக்-இன் எழுதும் நிறுவனங்கள் பல இந்த நிரலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. 2021இல் வந்த 6.1 பதிப்பில் அது திரைவாசிப்பான்களுக்கான ஆதரவைச் சேர்த்துக்கொண்டது. அதனால் பெரிய செலவில்லாமல் குமிழுக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு நிரலாளருக்குக் கிடைத்திருக்கிறது. வாய்ப்பு இருந்தும் பெயர் வைக்காமல் விடும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது தவறில்லை.

வன்பொருள் வழியாக அணுகும் முறையும் உண்டு. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கம்ப்ளீட் கன்ட்ரோல் கீபோர்டுகளில் எட்டுக் குமிழ்கள் இருக்கின்றன. அணுகல் நிலையை இயக்கிவிட்டு ஒரு குமிழைத் தொட்டால், அது எந்த அளவுருவோடு இணைந்திருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பதைக் கணினி குரலில் சொல்லும். ப்ரீசெட்டுகளையும் கீபோர்டில் இருந்தபடியே வகைபிரித்துத் தேடலாம். என்கேஎஸ் என்ற அவர்களது வடிவத்தை ஏற்கும் பிற நிறுவனக் கருவிகளும் இதே வழியில் திறக்கின்றன. முகப்பு அறவே பேசாத சாம்ப்ளர் நூலகங்கள்கூட இந்த வழியில் கைவசப்படுவதுதான் இதன் சிறப்பு. ஆர்டூரியா நிறுவனமும் தன் கீபோர்டுகள் சிலவற்றிலும் அனலாக் லேப் மென்பொருளிலும் இத்தகைய குரல் வசதியைக் கொடுத்திருக்கிறது. விலை குறைந்தவை என்று சொல்ல முடியாது. முதல் கீபோர்டை வாங்குபவர் அதிகம் செலவழிக்க விரும்பாவிட்டால், எந்த எளிய மிடி கீபோர்டும் ஒசாராவின் அளவுருப் பட்டியலும் சேர்ந்தே நெடுந்தூரம் கொண்டுசெல்லும்.

பார்வையுள்ளவர்கள் எழுதும் வழிகாட்டிகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் இசைக்கலைஞருக்குத் தகவலும் இசையும் ஒரே காதின் வழியாக வருகின்றன. பாடலின் மென்மையான பகுதியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது கணினிக் குரல் இடையில் புகுந்தால் கேட்டது கலைந்துபோகும். என்விடிஏவில், தான் பேசும்போது பிற ஒலிகளைத் தாழ்த்தும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இசைப்பணியின்போது அது இயங்கினால் இசைக் கலவையின் ஒலியளவு ஏறி இறங்குவதாகத் தோன்றி முடிவுகள் எல்லாம் பிழையாகும். என்விடிஏ+ஷிஃப்ட்+டி (D) விசைகளால் அதை நிறுத்திவிடுங்கள். என்விடிஏ+எஸ் பேச்சு நிலையை மாற்றும், 2024.1 பதிப்பிலிருந்து, கேட்டால் மட்டும் பேசும் நிலையும் அதில் சேர்ந்திருக்கிறது. பிரெய்ல் காட்சிக்கருவி வைத்திருப்பவர் தகவலை விரலுக்கு மாற்றிக் காதை இசைக்கே விட்டுவிடலாம். மிடியைப் பதிவு செய்யும்போது திரைவாசிப்பானின் குரல் பதிவில் விழாது என்பது ஒரு நிம்மதி. ஒலிவாங்கியில் பாடுபவருக்கு அந்த நிம்மதி இல்லை, அவர் காதொலிப்பானை அணிந்தே ஆக வேண்டும்.

இதோடு சேர்ந்தது தாமதச் சிக்கல். விசையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையில் கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகக் கணக்கிடுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) என்ற வேகத்தில் ஒரு துண்டுக்கு 1,024 மாதிரிகள் என்றால் அதற்கே 21 மில்லிநொடி ஆகிவிடும். தாளம் பிடித்து வாசிப்பவருக்கு இது தெளிவாக உறுத்தும். 256 மாதிரிகளாகக் குறைத்தால் ஐந்து மில்லிநொடி அளவுக்கு வந்துவிடும். விண்டோஸில் இதற்கு ஏசியோ என்னும் இயக்கி வகையைப் பயன்படுத்துவார்கள். ஆனால் சில ஏசியோ இயக்கிகள் ஒலியட்டையைத் தமக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளும். அப்போது திரைவாசிப்பானின் குரல் அடங்கிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவரும் அமைப்பைத் திறக்கவும் குரல் தேவைப்படும் என்பதுதான் கொடுமை. எனவே இயக்கியை மாற்றும் முன்பே, திரைவாசிப்பானின் வெளியீட்டை மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கும் இசையின் வெளியீட்டை வெளியே இணைத்த ஒலி இடைமுகத்துக்கும் பிரித்துவிடுவது பாதுகாப்பானது. இப்படிப் பிரித்தால் குரல் ஒரு திசையிலிருந்தும் இசை காதொலிப்பானிலிருந்தும் வருவதால், மேலே சொன்ன கலப்பும் ஓரளவு தீர்ந்துவிடும்.

பதிவானதைத் திருத்துவது எதிர்பார்ப்பதைவிட எளிது. மிடி திருத்தியில் பார்வையுள்ளவர் கட்டம் கட்டமான படத்தைப் பார்க்கிறார். ஒசாராவில் இடது வலது அம்புகள் அடுத்தடுத்த சுரத்தொகுதிகளுக்கும், மேல் கீழ் அம்புகள் ஒரு தொகுதிக்குள் இருக்கும் தனித்தனிச் சுரங்களுக்கும் கொண்டுசெல்லும். ஒவ்வொரு சுரத்திலும் நிற்கும்போது அதன் பெயரும் கேட்கும், ஒலியும் கேட்கும். தவறிய சுரத்தை அழிக்கலாம், அரைச்சுரம் ஏற்றலாம், நீளத்தை மாற்றலாம், தாளத்தோடு பொருத்தலாம்.

கர்நாடக இசையிலிருந்து வருபவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: கமகத்துக்கு, அதாவது சுரத்தின் அசைவுக்கு, என்ன செய்வது? மிடியின் 12 சுரத்தானங்கள் பியானோவை மனத்தில் வைத்து அமைந்தவை. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் 105ஆவது சித்தார், 112ஆவது ஷெனாய். வீணையோ நாகசுரமோ மிருதங்கமோ அதில் இடம்பெறவில்லை. இந்தியக் கருவிகளின் ஒலிகளைத் தரும் ஸ்வர் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் பின்னாளில் வந்தன. ஆனால் ஒலி கிடைத்தாலும் அசைவு தானாக வந்துவிடாது. அதற்குச் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பயன்படுத்த வேண்டும். அதன் நகர்வு 16,384 படிகளாகப் பதிவாகிறது, நடுநிலை 8,192. பெரும்பாலான கருவிகளில் இயல்பாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரை மட்டுமே வளையும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாருவுக்கு அது போதாது. கருவியின் அளவுருப் பட்டியலில் பெண்ட் ரேஞ்ச் என்பதைத் தேடி 12 வரை உயர்த்தினால் ஒரு ஸ்தாயி முழுவதும் இழுக்கலாம், ஆனால் சக்கரத்தின் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும் என்பதால் கை பழக வேண்டும்.

இந்த வளைவுகளைச் சுட்டியால் திரையில் வரைவது பார்வையுள்ளவர்கள் பலரின் வழக்கம். அதைப் பின்பற்ற முயல வேண்டாம். சுரங்களை முதலில் வாசித்துப் பதிந்துகொண்டு, டிராக்கின் பதிவுமுறையை மிடி மேற்பதிவுக்கு மாற்றி, பாடலை ஓடவிட்டுச் சக்கரத்தை மட்டும் தனியே அசைத்துப் பதியலாம். பாடலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவைத்து இதைச் செய்தாலும் மிடியின் சுருதி மாறாது. வேகத்தை மீண்டும் உயர்த்தும்போது அசைவுகளும் சுரங்களோடு சேர்ந்தே விரைவுபடும்.